பழத்தட்டை நம்பாதீர்கள்: மார்மோசெட்டுகளின் உணவும் உடல்நலமும்

மனிதர் கையில் வளரும் மார்மோசெட், டாமரின் போன்ற சிறு குரங்குகளின் நோய்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஓர் ஒற்றுமை கண்ணில் படும். வளைந்த கால் எலும்பு, விரலால் அழுத்தினால் நெகிழும் தாடை, ஓயாத கழிச்சல், முடி உதிர்ந்து போன வால், கண்ணுக்குக் கீழே சீழ்க்கட்டி, அளவுக்கு மீறிய பருமன், நீரிழிவு. இவற்றில் பெரும்பாலானவை வெளியிலிருந்து தொற்றியவை அல்ல. மாதக்கணக்கில் தட்டில் வைத்ததும், வைக்காமல் விட்டதும் சேர்ந்து உண்டாக்கியவை. அதனால்தான் இந்த அத்தியாயம் மருந்து அலமாரியில் தொடங்காமல் உணவுத் தட்டில் தொடங்குகிறது. ‘குரங்கு என்றால் பழம்’ என்ற நம்பிக்கைதான் இந்தச் சிற்றுயிர்களுக்கு நாம் செய்யும் முதல் தீங்கு. அந்தத் தட்டை மாற்றாமல் செய்யும் எந்த வைத்தியமும் நிலைக்காது.

இதை எழுதுவது விலங்குக்காட்சியகங்களிலும் மீட்பு மையங்களிலும் வேலை செய்பவர்களுக்காக, அவர்களுக்குத் துணை நிற்கும் கால்நடை மருத்துவர்களுக்காக, ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருப்பவர்களுக்காக. பாங்காக்கிலிருந்து வரும் பயணப்பெட்டிகளில் இந்தக் குரங்குகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் செய்திகளைப் படித்திருப்பீர்கள். புதிதாக ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கு இந்த நூலில் ஒரே ஆலோசனைதான் உண்டு: வாங்காதீர்கள். இந்தக் குடும்பத்தின் எல்லா இனங்களும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளன. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தமும் 2024-இல் வந்த விதிகளும் இவற்றை வைத்திருப்போர் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியுள்ளன. வளர்ப்புப் பிராணியாகக் குரங்குகளை இறக்குமதி செய்வதை அமெரிக்கா 1975-லேயே தடை செய்துவிட்டது. கூடிவாழும் உயிர் இது. தந்தையும் மூத்த பிள்ளைகளும் இரட்டைக் குட்டிகளை முதுகில் சுமந்து திரியும் குடும்பத்திலிருந்து ஒன்றைப் பிரித்துத் தனிக்கூண்டில் அடைப்பதை எவ்வளவு நல்ல உணவும் ஈடுசெய்யாது.

முதலில் உடலைப் பார்ப்போம். காதில் வெள்ளைக் குஞ்சம் கொண்ட சாதாரண மார்மோசெட் வடகிழக்கு பிரேசிலைச் சேர்ந்தது. மழை குறைந்த காட்டிங்கா முட்காடுகளிலும் கடலோரக் காடுகளிலும் வாழ்கிறது. வளர்ந்த விலங்கு 300 முதல் 400 கிராம் வரை இருக்கும். அதன் உறவான குள்ள மார்மோசெட் 100 கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இவற்றின் கீழ்த்தாடை வெட்டுப்பற்கள் கோரைப்பற்கள் அளவுக்கு நீண்டிருக்கும். முன்பக்கம் மட்டும் கெட்டியான எனாமல் படிந்து உளிபோல் கூராக நிற்கும். இந்தப் பற்களால் மரப்பட்டையைக் குடைந்து, துளையில் ஊறிவரும் பிசினைத் தின்பதுதான் மார்மோசெட்டின் தனித்தொழில். பூச்சியையும் பழத்தையும் தின்னும் குரங்குகள் எத்தனையோ உண்டு. மரத்தைத் துளையிட்டுப் பிசின் எடுப்பவை வெகு சில. கூரிய நகங்கள் செங்குத்தான அடிமரத்தைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. பெரிதாக அமைந்த குருட்டுக்குடலில் நுண்ணுயிர்கள் பிசினை நொதிக்கவைத்துச் செரிக்கின்றன. பல்லும் நகமும் குடலும் ஒரே வேலைக்காக அமைந்திருக்கும்போது, அந்த வேலையே இல்லாத உணவைத் தருவது எப்படிப் பொருந்தும்?

பிசின் வெறும் மாவுச்சத்து அல்ல. வேல மரங்களிலிருந்து வரும் அரபிக் கோந்தை எடுத்துக்கொண்டால், அது பெரும்பாலும் ஒரு சிக்கலான சர்க்கரை அமிலத்தின் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் உப்புகள். அதாவது பிசினோடு கால்சியமும் உள்ளே போகிறது. இது ஏன் முக்கியம் என்பது பூச்சியைப் பார்த்தால் விளங்கும். பூச்சியில் புரதமும் பாஸ்பரஸும் நிறைய உண்டு, கால்சியம் மிகக் குறைவு. கடைகளில் கிடைக்கும் மாவுப்புழுவில் பாஸ்பரஸில் ஏழில் ஒரு பங்குகூடக் கால்சியம் இருக்காது. உணவில் இந்த இரண்டும் குறைந்தது சரிக்குச் சரியாகவாவது இருக்க வேண்டும். கால்சியம் சற்றுக் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் இரத்தத்தில் குறையும் கால்சியத்தை ஈடுகட்ட உடல் எலும்பைக் கரைக்கத் தொடங்கும். காட்டில் பூச்சி விடும் குறையைப் பிசின் நிரப்புகிறது. கூண்டில் நாம் பூச்சியை வைத்துக்கொண்டு பிசினை எடுத்துவிடுகிறோம், அந்த இடத்தில் வாழைப்பழத்தை வைக்கிறோம். 100 கிராம் வாழைப்பழத்தில் கால்சியம் ஏறத்தாழ 5 மில்லிகிராம், பாஸ்பரஸ் 22 மில்லிகிராம், சர்க்கரை 12 கிராம். குறையை நிரப்புவதற்குப் பதிலாக இது ஆழப்படுத்துகிறது.

காட்டில் இவை பழமும் தின்கின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. டாமரின்களுக்குப் பழம் முக்கிய உணவு. மார்மோசெட்டும் பழுத்தது கிடைத்தால் விடாது. ஆனால் காட்டுப்பழம் வேறு, சந்தைப்பழம் வேறு. நார் குறைந்து, விதை சிறுத்து, இனிப்பு மிகுவதற்காகவே தலைமுறை தலைமுறையாக மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்தது நம் கடையில் தொங்கும் பழம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள பெயின்டன் விலங்குக்காட்சியகம் இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்த்துத் தன் குரங்குகளின் தட்டிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துவிட்டது. 2014-இல் அந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. அதை முன்னின்று செய்த ஏமி ப்ளோமன், குரங்குக்கு வாழைப்பழம் தருவது மனிதருக்குக் கேக்கும் சாக்லேட்டும் தருவதைப் போன்றது என்று விளக்கினார். பழத்தின் இடத்தில் காய்கறிகளும் கீரைகளும் வந்தன. அந்த விலங்குகள் பட்டினி கிடக்கவில்லை. பழம் அரிதாகக் கிடைக்கும் வறண்ட காட்டிங்காவில் மார்மோசெட் ஆண்டு முழுதும் பிழைத்திருப்பது பிசினால்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பழம் இவற்றுக்குத் துணை உணவுதானே தவிர அடிப்படை உணவு அல்ல என்பது தெளிவாகும்.

ஆசையாகத் தின்கிறதே, உடம்புக்கு ஆகாததை விலங்கு தொடுமா என்ற கேள்வி இதைவிட வலுவானது, ஏனென்றால் பராமரிப்பவரின் அன்பிலிருந்து பிறக்கிறது. காட்டில் இனிப்பு என்பது அபூர்வம். கிடைத்த அன்று தின்று தீர்ப்பதே பிழைக்கும் வழி. அந்த நாக்கோடு பிறந்த விலங்குக்கு ஒவ்வொரு காலையிலும் கிண்ணம் நிறைய இனிப்பு வைத்தால், அதையே முதலில் தின்று மற்றதை ஒதுக்கும். பல தட்டுகளில் நடப்பது இதுதான்: எழுதி வைத்த உணவுத் திட்டம் சரியாக இருக்கும், விலங்கின் வயிற்றுக்குள் போவது அதன் இனிப்புப் பகுதி மட்டுமாக இருக்கும். குடும்பமாக இருக்கும் கூண்டில் தலைமை விலங்கு இனிப்பைப் பொறுக்கிக்கொள்ள, அடங்கிப்போகும் விலங்குக்கு மிச்சம்தான். எனவே என்ன வைத்தோம் என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது. மாலையில் மிஞ்சியதையும் எடை போட்டுக் கழியுங்கள். கூட்டத்தில் எது எதைத் தின்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

வைட்டமின் டி விஷயத்தில் தவறு நடந்தால் விலங்கு நடக்க முடியாமல் போகும் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தென்னமெரிக்கக் குரங்குகளால் தாவர மூலமான டி2 வைட்டமினைச் சரிவரப் பயன்படுத்த முடியாது, டி3 வேண்டும். அதையும் ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளைவிடக் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் இவற்றின் உயிரணுக்கள் அந்த வைட்டமினிலிருந்து உடல் உண்டாக்கும் ஹார்மோனுக்கு எளிதில் செவிசாய்ப்பதில்லை. 1980-களில் லாஸ் ஏஞ்சலிஸ் விலங்குக்காட்சியகத்தின் எம்பரர் டாமரின்களுக்கு எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ் நோய் கண்டபோது செய்த ஆய்வுகள் இந்த எதிர்ப்புத்தன்மையை விளக்க உதவின. மற்ற விலங்குகளுக்குப் போதுமான அளவு இவற்றுக்குப் பற்றாக்குறை. தமிழ்நாட்டு வெயிலில் இந்தக் கவலை எதற்கு என்று தோன்றலாம். வெயில் உண்மையிலேயே நம் பெரிய துணை. ஐரோப்பியக் காட்சியகங்கள் விளக்குப் போட்டுத் தருவதை நமக்கு வானம் இலவசமாகத் தருகிறது. ஆனால் தோலில் டி3-ஐ உண்டாக்கும் புற ஊதா பி கதிர் கண்ணாடி வழியாக உள்ளே வருவதில்லை. பெரும்பாலான பிளாஸ்டிக் தகடுகளும் அதைத் தடுத்துவிடுகின்றன. குளிரூட்டிய அறையில் கண்ணாடிச் சன்னலோரம் வைத்த கூண்டில் வெளிச்சம் எவ்வளவு இருந்தாலும் விலங்கு இருட்டில் இருப்பதற்குச் சமம். காலையிலும் மாலையிலும் கம்பிவலை வழியாக நேரடி வெயில் விழ வேண்டும், வேண்டாதபோது ஒதுங்க நிழலும் இருக்க வேண்டும். விளக்கை நம்புகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஆனால் அதன் புற ஊதாக் கதிர் மாதங்களில் தேய்ந்துவிடும். தயாரித்தவர் சொன்ன காலத்தில் மாற்றுங்கள். இன்னொரு பக்கம், பயந்துபோய் டி3 சொட்டு மருந்தைக் கைக்கணக்கில் ஊற்றுவதும் ஆபத்து. மிகுந்த டி3 சிறுநீரகத்தில் சுண்ணத்தைப் படிய வைக்கும். அளவை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இத்தனை தொல்லை எதற்கு, ஆய்வுக்கூடங்களில் மார்மோசெட்டுகள் ஆயத்தத் தீவனத்தில்தானே வளர்கின்றன என்று சில மருத்துவர்களே கேட்பார்கள். தீவனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தென்னமெரிக்கக் குரங்குகளுக்கென்றே டி3 சேர்த்துத் தயாரித்த தீவனம் தட்டின் முதுகெலும்பாக இருக்க வேண்டும். அது மட்டுமே போதும் என்பதைத்தான் மறுக்கிறேன். அதே ஆய்வுக்கூடக் கூட்டங்களில்தான் நாள்பட்ட குடல் அழற்சியும் ‘மார்மோசெட் மெலிவு நோய்’ என்று அழைக்கப்படும் நிலையும் சாவுக்கான முக்கியக் காரணங்களில் சேர்ந்துள்ளன. எடை குறைதல், கழிச்சல், இரத்தசோகை, இரத்தத்தில் அல்புமின் தாழ்தல், வாலில் முடி உதிர்தல் என்று அது வெளிப்படும். ஒரே காரணத்தைச் சுட்ட முடியாத நோய் அது. எனினும் கோதுமையின் குளூட்டனை நீக்கியபோது சில விலங்குகள் எடை கூடித் தேறியதைக் கண்டிருக்கிறார்கள். எனவே கழிச்சல் தொடரும் விலங்குக்கு ரொட்டி, பிஸ்கட், கோதுமை சேர்ந்த தீவனம் ஆகியவற்றை நிறுத்திப் பார்ப்பது செலவில்லாத சோதனை. வைட்டமின் சி-யும் தீவனத்தின் பலவீனம்தான். இந்தக் குரங்குகளின் உடல் நம் உடலைப் போலவே அதைத் தானே தயாரிக்காது. தீவனத்தில் சேர்த்தது நாள்பட அழியும், வெப்பத்தில் இன்னும் விரைவாக. நிலைப்படுத்தாத வைட்டமின் சி சேர்ந்த தீவனத்தைத் தயாரித்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் தீர்ப்பது வழக்கம். கோடையில் தகரக் கொட்டகையில் மூட்டையாகக் கிடந்ததை நம்பக்கூடாது. அதற்காகச் சி மாத்திரையை அள்ளிக் கொடுப்பதும் சரியல்ல. வைட்டமின் சி இரும்புச்சத்தை உறிஞ்சுவதைக் கூட்டும், கூண்டு மார்மோசெட்டுகளின் கல்லீரலில் இரும்பு தேங்குவது ஏற்கெனவே அறிந்த சிக்கல். ஒரு துண்டு கொய்யாவோ குடைமிளகாயோ போதும்.

இனி ஒரு நாளின் தட்டு. விடிந்ததும், பசி மிகுந்த அந்த நேரத்தில், ஊறவைத்த தீவனத்தை முதலில் வையுங்கள். இனிப்பாக எதுவும் அப்போது கண்ணில் படக்கூடாது. முற்பகலில் காய்கள்: வேகவைத்த சர்க்கரைவள்ளி, கேரட், பீன்ஸ், வெள்ளரி, பூசணி. சிறு துண்டுகளாக நறுக்கிக் கூண்டில் பல இடங்களில் செருகி வைத்தால் தேடித் தின்னும், ஒன்றை ஒன்று விரட்டாது. பூச்சியை நண்பகலையொட்டித் தரலாம். வளர்ந்த விலங்குக்கு நான்கைந்து போதும். ஆனால் வாங்கிய பூச்சியை அப்படியே போடாதீர்கள். ஒன்றிரண்டு நாள் கால்சியம் கலந்த தீவனத்தையும் முருங்கைக்கீரையையும் அதற்குத் தின்னக் கொடுத்து, கூண்டில் போடும் முன் கால்சியம் கார்பனேட் பொடியில் புரட்டிக் கொடுங்கள். பசலைக்கீரையை நம்ப வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிசினைப் பிற்பகலில் வைப்பது நல்லது. பெருவின் காட்டு டாமரின்கள் பிசினைப் பெரும்பாலும் பிற்பகலில் தேடிப்போவதைக் கண்டவர்கள், இரவு முழுதும் குடலில் தங்கி நொதிக்க அது வாய்ப்பளிக்கிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். உணவுக்குத் தகுந்த தூய அரபிக் கோந்துப் பொடியை வெதுவெதுப்பான நீரில் தேன்பதத்துக்குக் கரைத்து, மருந்து தெளிக்காத மரக்கிளையில் துளையிட்டு ஊற்றுங்கள். அந்தத் துளையைப் பெரிதாக்க அது பல்லால் கடிக்கும், பற்கள் தேய்ந்து சீராக இருக்கும், நாளின் பெரும்பகுதி வேலையிலும் கழியும். கிளையைக் கழுவிக் காயவைத்து, பூஞ்சை காணும் முன்பே மாற்றிவிடுங்கள். பழம் முழு உணவில் ஊறுகாய் அளவுக்கு இருக்கட்டும். பப்பாளி ஓரளவு நல்ல தேர்வு, அதில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் கூடுதல். வாழைப்பழத்தை முற்றிலும் விலக்க வேண்டும் என்பதில்லை. கசப்பு மருந்தை ஒளித்துக் கொடுக்கவும், தராசில் ஏறப் பழக்கவும் பட்டாணி அளவுத் துண்டு பயன்படும்.

தட்டின் வழியாகவும் ஊட்டும் கையின் வழியாகவும் தொற்றுநோயும் வரும். உதட்டோரம் கொப்புளமாக வந்து நமக்கு ஒரு வாரத்தில் ஆறிப்போகும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், மார்மோசெட்டைச் சில நாட்களில் கொன்றுவிடும். பிரேசிலில் மனிதர் தின்ற மிச்சத்தை வாங்கித் தின்ற குரங்குகள் இப்படி இறந்திருக்கின்றன. கொப்புளம் உள்ளவர் அது முழுவதும் ஆறும் வரை கூண்டுப் பக்கம் போகக்கூடாது. மற்றவர்களும் முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் உணவு தயாரிக்க வேண்டாம். கடித்த பழத்தைப் பகிர்வது அன்பின் அடையாளமாக இருக்கலாம், இங்கே அது உயிரை எடுக்கும். தட்டம்மைக்கும் இதே எச்சரிக்கை. புரதத்துக்கென்று எலிக்குஞ்சைக் கொடுக்கும் பழக்கத்தால் அமெரிக்கக் காட்சியகங்களில் மார்மோசெட்டுகளும் டாமரின்களும் கல்லீரல் அழற்சியில் இறந்தன. எலியில் இருந்த வைரஸே காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். அவித்த முட்டை அந்தத் தேவையை ஆபத்தில்லாமல் தீர்க்கும். கரப்பான்பூச்சி குடலைத் துளைக்கும் முள்தலைப் புழுக்களைச் சுமந்துவரும், குரங்கு அதைத் தானே பிடித்துத் தின்னும். ஆகவே தீவன அறையில் கரப்பான் இருப்பது மருத்துவப் பிரச்சினை. பூனையின் கழிவிலிருந்து வரும் டாக்சோபிளாஸ்மா தென்னமெரிக்கக் குரங்குகளைத் திடீரெனக் கொல்லும். தீவன மூட்டை இருக்கும் இடத்தில் பூனை படுக்கவோ எலி புழுக்கை போடவோ இடம் கொடுக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் எல்லாம் சரியாகப் போகிறதா என்று சொல்லும் ஒரே கருவி தராசுதான். இந்த விலங்குகள் நோயை மறைத்துக்கொள்ளும். சோர்வு வெளியே தெரியும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும். ஒரு கிராம் வரை காட்டும் தராசைக் கூண்டுக்குள் வைத்து, வாரம் ஒருமுறை, காலை உணவுக்கு முன் அதே நேரத்தில் எடை எடுங்கள். 350 கிராம் விலங்கு 35 கிராம் இழப்பது நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது உடலின் பத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு இறங்கினால் மலப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, பல் சோதனை மூன்றையும் அன்றே தொடங்க வேண்டும். விற்பவர்கள் கோரைப்பற்களை வெட்டிவிட்டிருந்தால், திறந்துகிடக்கும் பல்வேரில் சீழ் பிடித்துக் கண்ணுக்குக் கீழே வீக்கமாகத் தெரியும். மீட்கப்பட்ட விலங்கின் வாயை முதல் வாரத்திலேயே பாருங்கள். குளிர்ந்து துவண்டு கிடக்கும் விலங்கை முதலில் உடல்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு ஈறில் ஒரு துளி குளுக்கோஸ் தடவுங்கள், உடனே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். குளிர்ந்த குடலில் ஊட்டிய உணவு செரிக்காது. விழுங்க முடியாத விலங்கின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும்.

கடைசியாக, தட்டை மாற்றும் வேகம். நாளை காலையே பழத்தை நிறுத்திவிட்டுப் பிசினையும் தீவனத்தையும் வைத்தால், இனிப்புக்குப் பழகிய விலங்கு தொடாமல் கிடக்கும். இவ்வளவு சிறிய உடல் ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது. குடலின் நுண்ணுயிர்களுக்கும் புதிய உணவுக்கு மாற அவகாசம் வேண்டும், பிசினைத் திடீரெனக் கூட்டினால் கழிச்சல் வரும். நான்கு முதல் ஆறு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பழத்தை நசுக்கித் தீவனத்தோடு பிசைந்து கொடுங்கள், வாரம்தோறும் பழத்தின் பங்கைக் குறையுங்கள், பிசினை நாவில் தடவும் அளவில் தொடங்கி மலத்தின் இறுக்கத்தைப் பார்த்துக் கூட்டுங்கள். இந்த வாரங்களில் மட்டும் எடையை இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுங்கள். இரண்டு முறை தொடர்ந்து இறங்கினால் முந்தைய வாரத்தின் அளவுக்குத் திரும்பி, எடை நிலைத்த பிறகு மீண்டும் தொடருங்கள்.